யானைக்குத் தீனி

யானையை விலை கொடுத்து வாங்குதல் ஒருவாறு கூடும். அதனைக் கட்டிவைத்துத் தீனி போடுதலே அரிது. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இக்காலத்து யானையோ நான்கு சக்கரங்களுடன் வருகின்றது. காட்டு வழியிலும் சேற்றிலும் செல்லத்தக்க வலிமை ஒருபுறம், அரண்மனைக்கு ஒப்பான பஞ்சணையும் குளிர்காற்றும் மறுபுறம் என அமைந்த பெரு மோட்டார் வண்டிகளையே குறிப்பிடுகின்றேன். குளுவாங்கிலும் கூலாயிலும் ஜொகூர் பாருவிலும் இவை நம்மவர் வாசல்களிலும் நிற்கக் காண்கின்றோம். செல்வர் தம் பொருளில் வாங்கினால் அதைப்பற்றி நமக்கு வழக்கில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்வோன், அதிலும் பெற்றவளின் சேமநிதியை நம்பி, யானை கட்டப் புகுவானாயின் நாம் வாளாவிருத்தல் தகுமா?

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் என் மனைவியின் தம்பி இப்படியொரு கருத்தோடு என் இல்லம் வந்தார். கூலாயில் குடியிருந்து ஜொகூர் பாருவிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு நாள்தோறும் சென்று வருபவர் அவர். பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் டீசல் வண்டியொன்று விலைக்கு வந்திருக்கிறதாம். முன்பணம் அத்தையின் சேமநிதி. பால் மரம் வெட்டியும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியும் அவர் சேர்த்த தொகை. மீதிக்குக் கடன். கடனுக்குப் பிணைக் கையொப்பம் யான் இடவேண்டும்.

"மாமா, நம் பாட்டன் லயத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போனார். துரை லேண்ட்ரோவரில் போனார். அந்த வண்டி வரும்போது பாட்டன் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றாராம். அந்த உயரத்தில் நம்மில் ஒருவனாவது உட்கார வேண்டாமா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை வெறும் ஆணவம் என்று தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. மூன்று தலைமுறை ஓரமாக நின்ற நினைவு அதனுள் இருக்கின்றது. ஆயினும் நினைவு வேறு, கணக்கு வேறு. யானோ தோட்டத்துக் கிராணி. வண்டிகளின் எண்ணெய்க் கணக்கு என் மேசைமேல் வருவது. ஆகவே அவர் காட்டிய லேண்ட்ரோவரிலிருந்தே என் விடையைத் தொடங்கினேன்.

லேண்ட்ரோவர் முதன்முதலில் வெளிவந்தது 1948ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் காட்சியில். போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு கிடைப்பது அருமையாயிருந்தமையால் அதன் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தனர். எஞ்சினோ 1.6 லிட்டர், குதிரைத்திறன் 50 அளவே. உழவர்க்கு உதவவே அது பிறந்தது, ஆடம்பரத்திற்கன்று. வசதியும் வலிமையும் கூடிய ரேஞ்ச்ரோவர் 1970இல் பிறந்தபோது எஞ்சின் 3.5 லிட்டராய் வளர்ந்துவிட்டது. அவருடைய கண் பட்ட லேண்ட் குரூசரின் எஞ்சினோ ஏறக்குறைய 4.5 லிட்டர்.

இன்னொன்று. துரை அமர்ந்து சென்ற வண்டிக்குத் துரையின் சட்டைப்பையிலிருந்து எண்ணெய் ஊற்றப்படவில்லை. தோட்டம் ஊற்றிற்று. தோட்டம் ஊற்றியதென்றால், பாட்டன் வெட்டிய பால் ஊற்றிற்று என்பதே பொருள். எத்தனை மைல் ஓடிற்று, எத்தனை காலன் குடித்தது, என்ன வேலைக்குச் சென்றது என்பவை தோட்டத்துக் கணக்கில் ஏறவேண்டியவை. வேலையின்றிக் குடித்த எண்ணெய்க்குக் கேள்வி உண்டு. "தம்பி, உம்முடைய வண்டிக்கு எண்ணெய் ஊற்றப்போகும் தோட்டம் எது?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்கிட்டோம்.

2024 ஜூன் 10ஆம் நாள் அரசாங்கம் தீபகற்பத்தில் டீசலுக்குப் பொதுவாக அளித்து வந்த உதவித்தொகையை நிறுத்திற்று. லிட்டர் 2.15 வெள்ளிக்கு விற்றது ஒரே நாளில் 3.35 வெள்ளியாயிற்று. அவ்வண்டியின் பெரிய தொட்டி 93 லிட்டர் கொள்ளும். அதனை ஒருமுறை நிரப்ப 311 வெள்ளி 55 காசு. அவ்வாண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 57 வெள்ளி 70 காசு. அஃதாவது, ஒரு தொழிலாளி ஐந்து நாளுக்குமேல் உழைத்த கூலி ஒரு தொட்டிக்குள் அடங்கிவிடும்.

அவர் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவர். அப்பெரு வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்று வைத்தோம். நகர நெரிசலில் அதற்கும் மேலாகும். மாதம் 180 லிட்டர், 603 வெள்ளி. 1 லிட்டர் எஞ்சினுள்ள சிறு வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர் என்று கொண்டால் மாதம் 82.5 லிட்டர், அன்றைய ரோன்95 பெட்ரோல் விலையாகிய 2.05 வெள்ளிக்கு 169 வெள்ளி. வேற்றுமை மாதம் 434, ஆண்டுக்கு 5,208. குறைந்தபட்சச் சம்பளம் பெறுவோரின் கூலியில் நூற்றுக்குப் பதினொன்றாகச் சேமநிதிக்குப் பிடித்தது மாதம் 165 வெள்ளி. அத்தை போன்ற ஒருவர் ஒரு மாதம் சேர்ப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட பணம், வேற்றுமைக் கணக்கில் மட்டும் புகைக்குழாய் வழியே போய்விடும்!

எண்ணெயோடு தீர்ந்ததா? இல்லை. சிறு வண்டியின் எஞ்சினுக்கு 3 லிட்டர் அளவு மசகெண்ணெய் போதும்; இதற்கு 9 லிட்டருக்கு மேல். 1,000 சி.சி. வரையுள்ள காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி, 4,461 சி.சி. எஞ்சினுக்கு அது ஆயிரக்கணக்கில் ஏறும். டயர், பிரேக்கு, காப்புறுதி யாவும் வண்டியின் பருமனுக்கேற்பவே வளரும். வண்டி பழையதாதலால் விற்பனை விலை குறையும். தீனி மட்டும் குறையாது.

ஏன் இத்துணைக் குடிக்கின்றது என்று அவர் வினவினார். வண்டியின் எடை 2.5 டன்னுக்கு மேல். ஏறுபவர் எடையோ 70 கிலோ. ஒவ்வொரு சாலை விளக்கிலும் நின்று புறப்படும்போது அவ்வளவு இரும்பையும் புதிதாக உந்த வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்வதால் பல்லிணைகளின் உராய்வு மிகும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உயர்ந்து அகன்ற முகப்புக்கு அத்தடை இன்னும் பெரிது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். மாதம் 180 லிட்டர் என்றால் அரை டன் அளவு கரி வளி. அதற்கு விலைச்சீட்டு இல்லை, எனினும் நம் பிள்ளைகள் அதற்கு ஈடு செலுத்துவர்.

பெட்ரோல் எஞ்சின் உள்ளதை வாங்கினால் என்ன எனலாம். அவ்வகையில் 5.7 லிட்டர் எஞ்சின் பொருத்தியது 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 16 லிட்டர் குடிக்கும் என்பது அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கு. 2025 செப்டம்பர் 30இல் இந்நாட்டுக் குடிமக்களுக்கு 1.99 வெள்ளிக்குப் பெட்ரோல் தரும் திட்டம் தொடங்கியபோது மாத அளவு 300 லிட்டர் என வகுத்தனர். அந்த 300 லிட்டர் சிறு வண்டியை 5,400 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு செல்லும். யானையையோ 1,900 கிலோமீட்டருக்குள் நிறுத்திவிடும்.

இவ்வகை வண்டியே வேண்டாம் என்பது என் கட்சியன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்கலாகாது. அத்தகைய நாளில் உயர்ந்த சக்கரமுள்ள வண்டி உயிர் காக்கும். சேற்று வழியில் வேலை செய்வோனுக்கு அது கருவி. கருவிக்குச் செலவிடுவது வீண் அன்று. நெடுஞ்சாலையில் ஒருவன் மட்டும் அமர்ந்து தொழிற்சாலைக்குப் போய்வர அஃது எதற்கு என்பதே கேள்வி.

மரியாதைக்கு என்பர். திருமணத்தில் கடன்பட்டு ஆடம்பரம் செய்வது மரியாதையன்று என்று சுயமரியாதை இயக்கத்தார் ஊர்தோறும் சென்று சொல்லினர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவரைக் கேட்கத் திரண்டவர்களுள் தோட்டத் தமிழரும் உண்டு. பந்தலில் விட்ட ஆடம்பரத்தை வண்டிக்கொட்டகையில் கட்டுவோமாயின் என்ன சீர்திருத்தம் கண்டோம்? பாட்டன் ஓரமாக நின்றது அவருடைய இருக்கை தாழ்ந்திருந்ததால் அன்று. அவர் கையில் மிச்சமும் கல்வியும் இல்லாதிருந்ததால். அவ்விரண்டையும் விற்று இருக்கையை உயர்த்தினால், பேரப்பிள்ளை மறுபடியும் ஓரமாகத்தான் நிற்க நேரும்.

யான் கையொப்பம் இடவில்லை. அத்தையின் பணம் அவர் பெயரிலேயே இருக்கின்றது. தம்பி அவ்வாண்டு தீபாவளிக்கும் அடுத்த பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆயினும் பிணைக் கையொப்பத்தால் காக்கப்படும் உறவு, தவணை தவறும் நாளில் முறியும் உறவேயாகும்.

அன்பர்காள்! வண்டி வாங்கப் புகுமுன் ஒரு தாளை எடுத்து இரண்டு கட்டங்கள் இடுங்கள். ஒன்றில் வாங்கும் விலையையும், மற்றொன்றில் ஐந்தாண்டுத் தீனியையும் எழுதுங்கள். பின் அத்தாளை வீட்டில் எவருடைய உழைப்பு முன்பணமாகப் போகின்றதோ, அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்டு முடித்து வாங்கு என்றால் வாங்குங்கள்.