வாட்ச்மேன் நோட்டும் ஒரு சுவிட்சும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பள்ளியில் போன மாதம் ஒரு கலவரம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் லேபில் எதையோ தட்ட, அலுவலகக் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் திறந்துகொண்டது. உள்ளே பெற்றோர் போன் நம்பர்கள், அடுத்த வாரத் தேர்வின் வினாத்தாள். பையன் அவனாகவே போய்த் தலைமையாசிரியரிடம் சொன்னான். கிடைத்தது திட்டு. லேபையே பூட்டிவிடலாம் என்றும் பேச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. பூட்டி வைக்கவா உங்களிடமெல்லாம் கையேந்திப் பத்து கம்ப்யூட்டர் வாங்கினோம்?

2001இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன் ஒருவன் கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். கூப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதல் வேலையாக அந்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு போட்டான். (அதை நாங்களே செய்திருக்கலாம்.) "இது மட்டும் போதாதுங்க டீச்சர். லேபிலிருந்து ஆபீஸ் பக்கமே போக முடியாத மாதிரி சுவிட்சுலயே எழுதிடலாம்" என்றான்.

சுவிட்ச் என்றால் லைட் சுவிட்ச் இல்லை, அத்தைமார்களே. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் பெட்டி. எங்களுடையது 24 போர்ட் சிஸ்கோ, நாம் சொன்னபடி கேட்கும் வகை. யார் யாரிடம் போகலாம், போகக்கூடாது என்று அதில் 'ஆக்சஸ் லிஸ்ட்' என்ற பட்டியல் எழுதலாம். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரிதான் தீர்ப்பு, அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் பார்க்கவே பார்க்காது. எதுவும் பொருந்தாவிட்டால், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்று இருக்கிறது: மற்ற எல்லாம் தடை.

அலுவலக மெஷின்களும் பிரிண்டரும் 192.168.1.8 முதல் 15 வரை. எட்டு வரி எழுதாமல், 8 என்று போட்டுப் பக்கத்தில் 0.0.0.7 என்று எழுதினான். ஏழு, இரும எண்ணில் 111. பூச்சியம் இருக்கும் இடத்தை மட்டும் சரிபார், ஒன்று இருக்கும் இடம் எப்படியிருந்தாலும் விட்டுவிடு என்று அர்த்தமாம். கடைசி மூன்று இலக்கம் எதுவானாலும் சரி, ஆக 8 முதல் 15. கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்! தாளில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

முதல் வரி, லேபிலிருந்து அந்த எட்டுக்கும் தடை. இரண்டாவது, பிரிண்டருக்கு மட்டும் அனுமதி. நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். லேப் போர்ட்டுகளில் பட்டியலை மாட்டியதும் அவன் லேப்டாப்புக்கே தொடர்பு போய்விட்டது. சுவிட்சின் சொந்த முகவரியும் அந்த எட்டுக்குள் இருந்திருக்கிறது. அவன் உட்கார்ந்திருந்ததோ லேப் வயரில்.

எனக்குக் கை நடுங்கியது. அவன் சிரித்தான். "முதல்லயே 'ரீலோடு இன் 10' அடிச்சுட்டேனுங்க டீச்சர். நான் ரத்து பண்ணலைன்னா பத்து நிமிஷத்துல அதுவே ரீஸ்டார்ட் ஆகும். இன்னும் சேவ் பண்ணலை, பழைய மாதிரி ஆயிடும்."

டீ வாங்கிவரச் சொன்னேன். காத்திருந்தபோது கேட்டான்: "டீச்சர், வாட்ச்மேன் நோட்டு ஞாபகம் இருக்குங்களா?"

இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததுதான். முதல் வரி, 9.10க்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது. அடுத்த வரி, டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளை விடலாம். "வாட்ச்மேன் அண்ணன் முதல் வரியோட நிறுத்திக்குவாருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் கேட்டுக்கு வெளியதான் நின்னேன். முதல் பீரியடு கணக்கு. பின்னம் எனக்கு இன்னைக்கும் தகராறுதான்."

குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு 'ஆப்சென்ட்' போட்ட கை என்னுடையது. ஒரு நாளாவது எழுந்து போய் கேட்டைப் பார்த்திருக்கலாம். டீயை ஊதிக்கொண்டே இருந்தேன்.

சுவிட்ச் எழுந்ததும், இந்த முறை அலுவலக வயரில் உட்கார்ந்து, பிரிண்டர் வரியை மேலே ஏற்றினான். அடுத்து தடை. மூன்றாவதாக, மற்றதெல்லாம் அனுமதி. அந்த மூன்றாவது வரியை மறந்திருந்தால் இன்டர்நெட் போயிருக்கும். காலையில் மெஷின்களுக்கு முகவரிகூடக் கிடைக்காமல் 169.254 என்று ஏதோ காட்டியிருக்கும். எல்லாம் சரிபார்த்த பிறகுதான் சேவ் செய்தான்.

திங்கட்கிழமை அந்த எட்டாம் வகுப்புப் பையனையே உட்காரவைத்தேன். "ஃபோல்டர் வரலைங்க டீச்சர்" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிரிண்ட் கொடுக்கச் சொன்னேன், வந்தது. லேப் திறந்துதான் இருக்கிறது. திட்டியதற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை, விடமாட்டேன்.

அந்த டவுன் பஸ்ஸில் வந்த மற்ற பிள்ளைகள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். தம்பி, நீ அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா கண்ணு. பின்னத்தைப் பார்த்துவிடலாம்.