பந்து போனால் போகட்டும்!

பத்தமடை என்றதும் உங்களுக்குப் பாய்தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டிலோ இரண்டு வருஷமாக ஹாக்கிப் பேச்சுத்தான். என் தம்பி மகள் மட்டையும் கையுமாக அலைகிறாள்!

"நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கி எதற்கு?" என்று கேட்கிறீர்களா? கோவில்பட்டியைப் பாருங்கள். 1986 வரை நம் ஜில்லாவில் இருந்த ஊர். கடலை மிட்டாயைப் போலவே ஹாக்கிக்கும் பேர் போனது. அவ்வூர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து அங்கே வந்து பயின்ற கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடினார்கள். கார்த்தி முன்வரிசை ஆட்டக்காரர். பாகிஸ்தானுடன் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி.

கோல் போடுவது லேசா? கோல் கம்பத்துக்கு முன்னால் 'டி' என்று ஒரு வளைகோடு உண்டு. அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். உள்ளே நுழைந்தால் எதிரணியார் ஈயாக மொய்ப்பார்கள். தானே அடிப்பதா, தோழிக்குத் தள்ளுவதா, ஆளை ஏய்த்து உருட்டிக்கொண்டு போவதா? கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்க வேண்டும். பல தடவை பந்து பறிபோகத்தான் செய்யும்.

எங்கள் குழந்தைக்கு முதலில் வாய்த்த பயிற்சியாளர் (பெயர் எதற்கு?) பந்தை இழந்தால் மைதானம் அதிரக் கத்துவார். பலன் என்ன தெரியுமா? பந்து வந்த மாத்திரத்தில் அவள் பின்னால் நிற்பவளிடம் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்வாள். பார்வைக்கு ஒழுங்கான ஆட்டம். கோல் மட்டும் விழாது. "அத்தை, நான் இனிமேல் போகல்லே" என்று ஒருநாள் சொல்லியும் விட்டாள்.

நல்லவேளை, அடுத்து ஓர் அம்மாள் வந்தார். எத்தனை கோல் என்று அவர் கேட்பதேயில்லை. "இன்றைக்கு எத்தனை தடவை டி-க்குள் துணிந்து போனாய்?" என்றுதான் கேட்பார். மைதானத்தைச் சிறு சிறு கட்டமாக்கி, மூன்று பேரை இரண்டு பேருக்கு எதிராக ஆடவிடுவார். அப்போது ஒவ்வொருத்திக்கும் அடிக்கடி பந்து கிடைக்கும். "பந்து வருமுன்பே தலையைத் தூக்கிப் பார். வாங்கும்போதே கோல் பக்கம் திரும்பி நில். பறிபோனால் போகட்டும், ஓடிப்போய் மீட்டு வா!" ஆறு மாதம் பொறுத்தோம். இப்போதும் பந்தை இழக்கிறாள்; ஆனால் கோலும் போடுகிறாள்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? யார் சொன்னது? ஹரியானாவில் ஷாபாத் பயிற்சியாளர் பல்தேவ் சிங் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். அவரிடம் பயின்ற, வண்டியிழுக்கும் தொழிலாளியின் மகள் ராணி ராம்பால், 15 வயதில் 2010 உலகக் கோப்பையில் ஆடினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தலைவியாக நின்று இந்தியப் பெண்களை நாலாவது இடத்துக்கு அழைத்துச் சென்றார். நேரத்துக்கு வருவதில், உழைப்பதில் கண்டிப்பு வேண்டியதுதான். துணிந்து முயன்றதற்குத் தண்டனை கொடுத்தால்தான் குழந்தை கூம்பிப் போகிறது.

தாய்மார்களே, பயிற்சியாளர் பாதி, நாம் பாதி. விளையாடிவிட்டு வரும் குழந்தையிடம் "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள். "இன்று புதிதாக என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அந்த முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்!