எத்தனை வீதம்?

புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பார்கள். சென்ற வருடம் அது எங்கள் சாச்சாவுக்கு வந்தது. மூக்கின் பின்புறம், தொண்டை தொடங்கும் இடத்தில் உண்டாகும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய். உலகில் ஏற்படும் புற்றுநோய்களில் இது ஒரு வீதத்தளவு அரியது. தென் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும்தான் கூடுதலாகக் காணப்படுகிறது.

"சிகரட் இல்ல, வெத்திலயும் போடாத மனிசன், எப்படி வந்த?" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். ஏதோ குற்றம் செய்தவர் போலச் சாச்சி தலையைக் குனிந்துகொள்வார். உண்மையில் இந்த நோய்க்கும் எப்ஸ்டீன்-பார் வைரசுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1964இல் கண்டறியப்பட்ட அந்த வைரஸ், உலகில் வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கும் அதிகமானோரின் உடலில் இருக்கிறது. பரம்பரை போன்ற வேறு காரணிகளும் சேரும்போது மிகச் சிலருக்கே அது புற்றுநோயில் முடிகிறது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சாச்சாவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் என்னிடம் வந்து கேட்டாள்: "ராத்தா, வாப்பாவப் போல ஆக்கள்ல எத்தின வீதம் பேருக்குச் சுகமாகும்?"

நான் வாசித்திருந்த கணக்கு இதுதான். நோய் முற்றியவர்களிடம் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. கதிரியக்கச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47 வீதமானோர் மூன்று வருடங்களின் பின் உயிருடன் இருந்தார்கள். அதனுடன் கீமோ மருந்தும் பெற்றவர்களில் அது 78 வீதம். 2019இல் வெளியான சீன ஆய்வில், ஒப்பிடப்பட்ட இரண்டு சிகிச்சை முறைகளிலுமே மூன்று வருட வீதம் 90ஐத் தாண்டியிருந்தது. நாடும் நோயாளரும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இந்த எண்கள் கல்லில் வெட்டியவை அல்ல என்பது தெரிகிறது.

அவளிடம் நான் எந்த எண்ணையும் சொல்லவில்லை. "அது முந்தி மருந்து எடுத்த ஆக்கள எண்ணி எழுதின கணக்கு. அதுல உங்கட வாப்பா இல்ல" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வாப்பா இனித்தானே எண்ணுப்படுவாரு" என்றாள். என் விளக்கத்தைவிட அது சரியாக இருந்தது.

மஹரகமவில் உறவினர் வீட்டில் தங்கி, வாரத்தில் ஐந்து நாட்களாக ஏழு வாரம் கதிரியக்கச் சிகிச்சை பெற்றார் சாச்சா. இப்போது கட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர் பட்டு வாடிவிட்டன. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டும். இந்த ரமழானில் அவர் நோன்பு பிடிக்கவில்லை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனாலும் இப்தாருக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தார். "கஞ்சிட வாசம் வருது, ருசிதான் இன்னும் வரல்ல" என்று சிரித்தார். உயிர் பிழைத்தவர்களை எண்ணும் கணக்கில் இந்த ருசிக்கு இடமில்லை. பிழைத்து வந்தவரை அன்றாடம் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பங்குதான் என்பதைச் சாச்சியைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

இதை வாசிக்கும் தோழியருக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாச்சாவுக்கு முதலில் வந்தது கழுத்தில் நோவில்லாத ஒரு கட்டி. பிறகு ஒரு பக்கக் காது அடைப்பு. தடிமன் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படியான கட்டியோ, காதடைப்போ, மூக்கிலிருந்து இரத்தம் வருவதோ சில வாரங்களாக மாறாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது சாதாரணமானதாகவே இருக்கும். ஆனால் இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிகவும் கூட.

அடுத்த மாதம் சாச்சாவுக்கு மீண்டும் கிளினிக். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.