ரத்தம் காணாது

சுன்னாகத்துக்குக் கிட்ட, தாய் சேய் நல நிலையத்து விறாந்தை. வாங்கு நிறைய ஆட்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு கிளினிக் கொப்பி, அதற்குள் நாலாய் மடித்த ஸ்கான் துண்டு. கடைசியில் இருப்பவளின் காலடியில் திரிபோஷா பைக்கற் இரண்டு.

முறை வந்தவளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. மிஸ் அவளுடைய கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்க்கிறார். உள்ளே சிவப்பு மட்டு. பிறகுதான் ரிப்போர்ட்டை விரிக்கிறார்.

"ரத்தம் காணாது, பிள்ளை. பத்துப் புள்ளி ஒண்டு. பதினொண்டுக்கு மேலை நிக்கவேணும். குளிசை எடுக்கிறனீரோ?"

"எடுக்கிறனான் மிஸ்."

மாமி விட்டால்தானே. "காலமை தேத்தண்ணியோடை எடுக்கிறவ. பிறகு வயித்தைப் பிரட்டுது எண்டு ரெண்டு நாளைக்கு விடுறவ."

பெண் மாமியைத் திரும்பிப் பார்க்கிறாள். மாமி சுவரில் ஒட்டியிருக்கும் தாய்ப்பால் படத்தைப் பார்க்கிறார்.

"தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடை போடும். கல்சியக் குளிசையை இதோடை சேத்துப் போடாதேயும், அது வேறை நேரம்."

மிஸ் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. தேயிலைச் சாயம் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிப்புளி அதை உள்ளே போகவிடும். போகாத நாட்களில் அவள் உடம்பு சும்மா இருந்திருக்காது. அவளுடைய எலும்பு மச்சையில், ஈரலில், கலம் கலமாக ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்.

கலத்தின் கருவைவிட்டு, புரதம் கட்டும் செய்தியோடு வெளியே வரும் தூது ஆர்.என்.ஏ. ஒருபோதும் வெறுமேனியாக வருவதில்லை. தலைப்பக்கத் தொப்பியில் ஒரு புரதம். வாலில், ஏறக்குறைய 27 எழுத்துக்கு ஒன்றாக, வேறு புரதங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் இன்னொரு கூட்டம். எந்தச் செய்தியை இப்போது வாசிப்பது, எதை நிறுத்தி வைப்பது, எதை நறுக்கி அழிப்பது என்பதில் இவற்றுக்குத்தான் பெரும்பங்கு.

இரும்பின் கணக்கைப் பார்க்கவும் இரண்டு புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பிழைப்பு விசித்திரமானது. இரும்பு தாராளமாக இருக்கும்போது நாலு இரும்பணுவையும் நாலு கந்தக அணுவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, சித்திரிக் அமிலத்தை உருமாற்றும் நொதியமாக அது வேலை செய்கிறது. இரும்பு வற்றியதும் அந்த முடிச்சு கழன்றுபோகிறது. உள்ளே பள்ளம் திறக்கிறது; ஆர்.என்.ஏ. பிடிக்கும் புரதமாக மாறிவிடுகிறது. பிறகு அது தேடுவது ஒரு மடிப்பை. ஏறக்குறைய 30 எழுத்து, தன்மேலேயே திரும்பி, அந்தப் பெண்ணின் கொண்டையில் செருகியிருக்கும் ஊசிபோல வளைந்து நிற்கும். 1987 இல், பெரிற்றின் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.யில் இந்த மடிப்பை முதலில் கண்டுபிடித்தார்கள்.

பெரிற்றின் ஒரு கூடு. 4500 இரும்பணு வரை அதற்குள் அடங்கும். அதன் செய்தியில் ஊசி மடிப்பு தலைப்பக்கம், தொப்பிக்கு வெகு கிட்ட இருக்கிறது. புரதம் அங்கே ஏறி இருந்துவிட்டால் இறைபோசோம் தொற்ற இடமில்லை. இல்லாத இரும்புக்குக் களஞ்சியம் எதற்கு? இரும்பை வெளியிலிருந்து உள்ளிழுக்கும் வாங்கிப் புரதத்தின் செய்தியிலோ அதே மடிப்பு ஐந்து, வால்பக்கம். அங்கே அதே புரதம் போயிருந்தால் செய்தி அழியாமல் தங்குகிறது, வாங்கிகள் கூடுகின்றன. ஒன்றை வாய்பேசவிடாமல் அடக்குவதும் மற்றதைச் சாகவிடாமல் காப்பதும் ஒரே ஆள், இருக்கும் இடம்தான் வேறு. இதில் எனக்கு வியப்புத் தீர்ந்தபாடில்லை.

செங்கலமாக வளரும் கலங்களில் மூன்றாவது செய்தி ஒன்றும் உண்டு. ரத்தச் சிவப்புக்கான ஹீமைக் கட்டத் தொடங்கும் நொதியத்துக்கானது. அதன் மடிப்பும் தலைப்பக்கம்தான், அதுவும் அடக்கப்படுகிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் பத்துப் புள்ளி ஒன்றில் இதற்கும் கொஞ்சம் பங்கிருக்கும்.

சூல்வித்தகத்தின் மேற்பரப்பிலும் வாங்கிகள் மொய்த்துக் கிடக்கும். தாய்க்குக் குறைந்தாலும் பிள்ளைக்கென்று இழுக்கப் பார்க்கும் இடம் அது.

பெரிற்றின் செய்தியின் மடிப்பில் ஓரெழுத்துப் பிசகினால் என்னாகும் என்பது 1995 இல் தெரியவந்தது. ஐரோப்பாவில் சில குடும்பங்களில் இள வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை. புரதத்தால் மடிப்பைச் சரியாகப் பற்ற முடியவில்லை. பெரிற்றின் தடையில்லாமல் பெருகிக் கண்வில்லையிலும் படிந்துவிட்டது. உடம்பில் இரும்பு மிதமிஞ்சியும் இருக்கவில்லை.

மிஸ் கொப்பியில் எழுதி முடித்து, குளிசைப் பைகளை எண்ணி வைக்கிறார்.

"மலம் கறுப்பாப் போகும், பயப்பிடாதேயும்."

மாமி மறுபடி வாய் திறக்கிறார். "முருங்கையிலை வறை கிழமைக்கு மூண்டு தரம் குடுக்கிறனான். அது காணாதே?"

"நல்லது அம்மா, குடுங்கோ. ஆனா இந்த மட்டத்துக்கு அது மட்டும் காணாது."

"அப்ப பதினொண்டுக்கு வந்தால் நிப்பாட்டலாமோ?" இது பெண்.

"இல்லைப் பிள்ளை. முதல்லை ரத்தத்திலைதான் ஏறும். உள்ளுக்கை சேமிப்பு நிறையப் பிறகும் கனநாள் எடுக்கும். பிள்ளை பிறந்தாப்பிறகும் போடவேணும்."