உருளும் இல்லம்

இல்லம் என்றவுடன் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதொன்றையே நாம் நினைக்கின்றோம். கடைகால் தோண்டிச் சுவரெழுப்பிக் கூரையிட்டது யாதோ அதுவே இல்லம் என்பது பொதுவழக்கு. ஆயினும் உருளுகின்ற இல்லங்களும் நம் நாட்டில் பண்டு தொட்டே இருந்து வந்துள்ளன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையைப் பயில்வோர், உப்பு வாணிகராகிய உமணரின் வண்டிகளை அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே காண்பர். அவ்வண்டியில் கோழி தங்குதற்குக் கூடு உண்டு; சிறிய உரலொன்று தொங்கும்; காடி நிறைந்த கலம் கட்டப்பட்டிருக்கும்; மகவையுடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்வாள். உணவும் உரலும் கோழியும் குழந்தையும் ஒருங்கே செல்லும் அவ்வண்டியை இல்லம் என்று கூறாது வேறு யாதென்று கூறுவது?

இவ்வுமணர் தம் வண்டியைத் தாமே பேணியவர்கள் என்பதற்குப் புறநானூறு சான்றாகின்றது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய 102ஆம் பாட்டில் அச்செய்தி உளது. பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் போகவேண்டிய நெடுவழியில் யாது நேருமோ என்றெண்ணிய உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைச் சேமமாகக் கட்டி வைப்பராம். அச்சேம அச்சுப் போன்றவன் பொகுட்டெழினி என்பது புலவர் கருத்து. இற்றைநாள் மோட்டார் வண்டிகளில் நாம் கொண்டு செல்லும் ஸ்டெப்னி அவ்வச்சின் வழித்தோன்றலே எனலாம். அப்பெயரும் ஒரு தெருவின் பெயரே. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904ஆம் ஆண்டளவில் சேமச் சக்கரம் செய்யத் தொடங்கிய கூட்டத்தார் அப்பெயரையே தம் பொருளுக்கு வைத்தனர். அது நம் நாட்டில் இன்றும் வழங்கி வருகின்றது.

இப்பாட்டுக்களை வகுப்பில் பயின்றபொழுது எனக்கு எங்கள் வீட்டு வண்டியே நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள சுவாமிமலை. என் தந்தையார் கிறிஸ்தவ நூல்கள் விற்பவர். வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், சிறுவர் கதைப் புத்தகம் முதலியவற்றைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு, திருவையாறு முதல் தரங்கம்பாடி வரையில் உள்ள சபைகளுக்குச் செல்வார். ஆராதனை முடியும் வேளையில் ஆலய வாயிலில் புத்தகங்களைப் பரப்புவார். அறுப்பின் பண்டிகைக் காலத்தில் பத்து நாள் வீடு திரும்பாமல் இருப்பதும் உண்டு. விடுதிக்கு வாடகை கொடுப்பின் விற்பனையில் மிஞ்சுவது யாதொன்றும் இராது. ஆதலின் வண்டியே அவருக்கு இல்லமாயிற்று.

அது 1997ஆம் ஆண்டில் பதிவான மெட்டடார் வேன். புனே நகரத்துப் பஜாஜ் டெம்போ குழுமத்தார் ஜெர்மானிய மாதிரியொன்றைத் தழுவி 1969ஆம் ஆண்டு முதல் செய்துவந்த வண்டி இது. பின்னாளில் மெர்சிடிஸ் அமைப்பைக் கொண்ட நான்கு உருளை டீசல் எஞ்சின் இதற்குப் பொருத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அக்குழுமம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிற்று. அதற்கு முன்னரே மெட்டடார் செய்வது நின்றுவிட்டது. எனினும் அவ்வெஞ்சினின் இனம் அக்குழுமத்தாரின் பிற வண்டிகளில் தொடர்ந்து வந்தமையால், எஞ்சின் உறுப்புக்கள் தேடினால் கிடைக்கின்றன. கதவு, கூரைத் தகடு, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஆகியவை கிடைப்பது அரிது. பழைய வண்டியின் உயிர் எளிதில் போவதில்லை. உடலே முன்னர்த் தேய்கின்றது.

வண்டியின் உள்ளே வாகைமரப் பலகையொன்று நீளவாட்டில் உளது. இரவில் அது கட்டில், பகலில் புத்தகத் தட்டு. அதன் அடியில் பெட்டிகளும், தண்ணீர்க் கேனும், ஐந்து கிலோ எரிவாயு உருளையொன்றும் இருக்கும். சமையல் எப்பொழுதும் வண்டிக்கு வெளியில், மரநிழலில்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்டவற்றுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. ஆதலின் பலகை முதலிய யாவும் போல்ட்டுக்களைக் கழற்றினால் அரைமணி நேரத்தில் வெளியே எடுக்கத்தக்கனவாகவே அமைக்கப்பட்டன.

சென்ற ஆண்டு தந்தையார்க்கு வாதநோய் கண்டு வலக்கை தளர்ந்தது. கர்த்தரின் கிருபையால் நடையும் பேச்சும் மீண்டன. ஸ்பானரைப் பற்றும் வலிமை மட்டும் மீளவில்லை. வண்டி நான்கு மாதம் கொட்டகையில் நின்றது. பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து எடைக்கு விலை பேசினார். என் தாயார் கேட்ட கேள்வி நியாயமானதே. "2027இல் மறுபடியும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் கட்டணம், அதற்குமேல் தகரவேலை. இதையெல்லாம் இனி யார் பார்ப்பார்?" என்றார். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அறுநூறு ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஐயாயிரம் ஆயிற்று. 2025ஆம் ஆண்டில், இருபது ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பத்தாயிரம் ஆயிற்று. தந்தையார் மறுமொழி கூறவில்லை. அவர் அன்று மாலை கொட்டகைக்குச் சென்று வண்டியின் கதவைத் திறந்து, பெட்டிகளில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி வைத்தார். அதனைக் கண்ட நான், விடுமுறை முழுவதும் அவ்வண்டியைப் பழுதுபார்ப்பது என்று துணிந்தேன். தந்தையார் முக்காலியில் அமர்ந்து சொல்லுவார். என் கை செய்யும். பெண்பிள்ளை மசகு படிந்த கையோடு வண்டிக்கடியில் கிடப்பதா என்று அண்டை அயலார் சிலர் வியந்தனர். உமணர் வண்டியை ஓட்டியவளும் பெண்ணே என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முதற்கண் எஞ்சின் கிளம்பவில்லை. வெளியூர்ப் பணிமனையொன்றின் ஆளை அழைத்துக் காட்டியபோது, பம்பையே கழற்றிச் செப்பனிட வேண்டும் என்று எங்களால் இயலாத தொகையொன்றைக் கூறினார். தந்தையார் என்னை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்து, கண்ணை மூடி அவ்வொலியைக் கேட்டு, "பம்பில் குறையில்லை அம்மா, காற்று ஏறியிருக்கிறது" என்றார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. உருளைக்குள் காற்று மிகவும் அமுக்கப்படும்பொழுது அது கடுஞ்சூடு அடைகின்றது. அவ்வெப்பத்தில் நுண்துளியாகத் தெளிக்கப்படும் டீசல் தானே எரிகின்றது. மார்கழி விடியலில் எஞ்சின் குளிர்ந்திருக்குங்கால் ஹீட்டர் பிளக்குகள் முன்னரே சூடேறித் துணைசெய்யும். இவையெல்லாம் நிகழ்வதற்கு டீசல் இடையறாது வருதல் வேண்டும். குழாயில் காற்றுப் புகுந்தால், பம்பு அக்காற்றை அமுக்கி அமுக்கி விடுமேயன்றி டீசலைத் தள்ளாது. தேடிப் பார்த்ததில், தொட்டியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயொன்று வெடித்திருந்தது. ஒரு முழ நீளம் புதுக்குழாயும் இரண்டு கிளிப்புகளுமே அதற்கு வேண்டியிருந்தன. பின்னர் ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினேன். முதலில் நுரை வந்தது. நுரை நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அமுக்கித் திருகை இறுக்கினேன். அடுத்து நாசில் குழாய்களின் நட்டுக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டீசல் பீறிடக் கண்டபின் இறுக்கினேன். எஞ்சின் இருமுறை கனைத்து ஓடத் தொடங்கிற்று.

இதனைப் பார்த்துக்கொண்டிருந்தவருள் எங்கள் தெருவுக்கு அண்மையில் படிமம் வார்க்கும் ஸ்தபதியார் ஒருவரும் இருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி உருச்செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்திச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது சுவாமிமலையின் தொழில். உலோகம் புகுதற்கு வாயில் வைப்பது போலவே காற்று வெளியேறுதற்கும் வழி வைத்தல் வேண்டும். இல்லையேல் படிமத்தில் குழி விழும். அவர் முறுவலித்து, "எங்கள் வேலையும் இதுதான் பாப்பா, காற்றை வெளியே விட்டால்தான் மற்றது உள்ளே போகும்" என்றார். தொழில்கள் தம்முள் உறவுடையன என்பதை அன்று அறிந்தேன்.

அடுத்த பகை நீர். நம் சோழநாட்டில் ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்தால் பாசன வயல்களின் ஈரம். கீழைக்கரைக்குச் சென்றால் உப்புக்காற்று. இம்மூன்றும் தகட்டை அரிக்கும். கூரையில் நீர் ஒழுகும் இடமும் உள்ளே சொட்டும் இடமும் ஒன்றல்ல. புகுந்த நீர் உள்தகட்டின் வழியே நெடுந்தூரம் ஊர்ந்து வேறிடத்தில் சொட்டும். அதனைக் கண்டறியத் தந்தையார் ஒரு முறை கற்பித்தார். உட்புறத்தில் சாக்பொடியைத் தூவிவிட்டு, வெளியே அடிப்பகுதியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் செம்பினால் நீர் வார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் விளங்காது. பொடியில் நீர்த்தடம் தோன்றும் கணத்தில் எவ்விடத்தில் வார்க்கின்றோமோ அவ்விடமே துளை. இவ்வாறு மூன்று துளைகளைக் கண்டோம். துரு இருப்பின் அதன்மேல் பெயின்ட் பூசுவது நோயின்மேல் பட்டாடை போர்த்துவதை ஒக்கும். ஆகவே வெண்மையான தகடு தோன்றுமளவும் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, தையல்களில் அடைப்புப் பசையிட்டு, அதன்மேல் பெயின்ட் பூசினேன். ஓரிடத்தில் தகடு முற்றும் உளுத்திருந்தமையால் டிங்கர் வேலை செய்பவர் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார். அஃதொன்றே கூலி கொடுத்துச் செய்த வேலை. பிரேக்கைப் பற்றித் தந்தையார் கண்டிப்பாக இருந்தார். நான் ஷூ மாற்றியதைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே வண்டி தெருவில் இறங்கிற்று.

தந்தையாரிடம் பழைய குறிப்பேடொன்று உண்டு. எந்நாள், எத்தனை கிலோமீட்டரில், எவ்வுறுப்பு மாற்றப்பட்டது என்பதெல்லாம் அவர்தம் அழகிய கையெழுத்தில் அதில் உள்ளன. எண்ணெய் மாற்றிய நாளும், திருவிடைமருதூரில் டயர் வெடித்த நாளும், நான் பிறந்த நாளும் ஒரே ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கின்றன. இறுதி இரண்டு பக்கங்களில் எழுத்து நடுங்கிக் கோடு தவறிச் செல்கின்றது. அதன்கீழ் ரப்பர்க் குழாய் மாற்றியதை என்னையே எழுதச் சொன்னார். தேர்வில் பெற்ற எம்மதிப்பெண்ணும் எனக்கு அத்துணைப் பெருமை தந்ததில்லை.

மே மாதத்தில் தரங்கம்பாடிக்குச் சென்றோம். நான் ஓட்டினேன், தந்தையார் அருகில் அமர்ந்தார், தாயாரும் உடன் வந்தார். சீகன்பால்கு ஐயர் 1706ஆம் ஆண்டில் வந்திறங்கியதும், தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சாகி நிறைவெய்தியதும் அவ்வூரிலேயே. அவ்வூர் ஆலய வாயிலில் தந்தையார் இடக்கையால் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். சில்லறையை நான் எண்ணினேன். அன்றிரவு கோடைமழை பெய்தது. தாயார் எழுந்து கூரையைத் தடவிப் பார்த்து, உலர்ந்த கையை எனக்குக் காட்டிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். விற்பதைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. 2027ஆம் ஆண்டுக் கட்டணத்துக்கென மாதந்தோறும் ஒரு தொகையை அவரே எடுத்து வைத்து வருகின்றார்.

புதியது வாங்கப் பொருளுடையார் வாங்குக, அதில் குற்றமில்லை. ஆயின் நம்மிடத்துள்ள பொருளின் உறுப்புக்களைப் பெயர்சொல்லி அறிந்து, அதன் ஒலியைக் கேட்டு நோயுணர்ந்து, கூடியவரை நம் கையாலேயே அதனைப் பேணுதல் ஏழைக்கு ஊதியம்; எவர்க்கும் கல்வி. பெருந்தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதை வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலேயே உவமையாக வைத்தார். கல்லூரியில் நூல் பயிலும் நாம், நம் இல்லத்தார் கைகளில் உள்ள நூலையும் அவர்கள் கை தளர்வதற்கு முன்னரே பயின்று கொள்வோமாக.