மகா எலியாவின் குளிரும் தோளில் சுமக்கும் படுக்கையும்

பாடசாலை விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்குப் போய் வராத குடும்பங்கள் எம்மிடையே குறைவு. வான் ஒன்றைப் பிடித்து, சோற்றுப் பார்சலையும் தேத்தண்ணீர் பிளாஸ்க்கையும் ஏற்றிக்கொண்டு, கிரகரி வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் மலையிறங்கிவிடுவோம். அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் பலர் போயிருப்பார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பியவர்கள். அந்த வெளியின் இரவையும் விடியலையும் கண்டவர்கள் சிலரே. பெண்களில் இன்னும் சிலரே.

இதற்குக் காரணம் கேட்டால், "குளிர் தாங்க முடியாது" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அந்தக் குளிர் உண்மையானது. ஆனால் அதைத் தாங்குவது உடம்பின் பலத்தைவிட, தோளில் எதைச் சுமந்து போகிறோம் என்பதிலேயே அதிகம் தங்கியுள்ளது. அதுபற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பெரிய வெளி

சிங்கள மக்கள் அந்த இடத்தை மகா எலியா என்று அழைத்து வந்தார்கள். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரே இன்று வழங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2100 முதல் 2300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் இவ்வெளி 1988இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. வீட்டில் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் புல்லில் இறங்கிய பனியாகவும் இருக்கலாம்.

உயரம் ஏற ஏறக் குளிர் கூடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஓராயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். கொழும்பில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கும் அதே இரவில் இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று பாகை குறைந்திருக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் மேகமின்றித் தெளிந்திருந்தால் நிலத்தின் சூடு தடையின்றி மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் சமவெளியின் தாழ்ந்த புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். கூடாரம் அடிக்க இடம் தரப்பட்டால், அங்கே பள்ளத்தை விட்டுச் சற்று மேடான பகுதியைத் தெரிவு செய்வது நல்லது.

போர்வையிலிருந்து பைக்கு

வீட்டுக் கம்பளி இரண்டு கிலோவுக்குக் குறையாது. புரண்டு படுத்தால் ஒரு பக்கம் விலகிவிடும். ஸ்லீப்பிங் பேக் என்ற உறங்கு பை இந்தக் குறைகளைத் தீர்க்கவே வந்தது. 1876இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்ற ஊரில் தபால் மூலம் துணி விற்று வந்த பிரைஸ் ஜோன்ஸ் என்ற வியாபாரி, கம்பளியை மடித்து, காற்றடைக்கும் இறப்பர் தலையணை ஒன்றையும் அதில் இணைத்துக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு துருக்கிய உதுமானியருடன் போரிட்ட ரஷ்யப் படைக்கும் அவர் அதை விற்றார். இன்றைய உறங்கு பையின் முன்னோர்களில் அதுவும் ஒன்று.

இன்றைய பை சூட்டை உண்டாக்குவதில்லை. எம் உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதன் உள்நிரப்பில் அடைபட்டிருக்கும் அசையாத காற்றே அந்த வேலையைச் செய்கிறது. பை எவ்வளவு பொங்கி நிற்கிறதோ அவ்வளவு சூடு. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றவை எளிதாக விளங்கும்.

சீட்டில் எழுதியிருக்கும் மூன்று எண்கள்

2023 ஜனவரியில் இரண்டு குடும்பங்களாக நாங்கள் சமவெளிக்குப் போனபோது எங்களுடன் ஒரு சாச்சியும் சாச்சாவும் வந்தார்கள். இருவரிடமும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பைகள். உறையில் பெரிய எழுத்தில் 5 பாகை என்று அச்சிட்டிருந்தது. அன்றிரவு அவ்வளவு கடுங்குளிர் என்றும் சொல்ல முடியாது. சாச்சா குறட்டை விட்டுத் தூங்கினார். பெண்களின் கூடாரத்தில் சாச்சியோ இரண்டு மணியிலிருந்து எழும்பி உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் எல்லோரும் சிரித்தார்கள். "சாச்சிக்குக் குளிர் ஆகாது" என்று பிள்ளைகளும் சொன்னார்கள். அவர் கோபிக்கவில்லை. "அடுத்த முறை நீங்க போங்க. நான் ஊட்ல ஈக்கிறேன்" என்றார்.

அந்தப் பையின் உட்புறத்தில் தைத்திருந்த சிறிய சீட்டைப் பார்த்தபோது விடயம் விளங்கியது. அதில் ஓர் எண் அல்ல, மூன்று எண்கள் இருந்தன.

2002இல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்ற பெயரில் இந்தப் பைகளுக்கு ஒரு பொது அளவுமுறை வகுக்கப்பட்டது. 2016இல் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேச அளவுமுறை அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளாடை அணிவித்த, சூடேற்றப்பட்ட பொம்மையொன்றைப் பைக்குள் படுக்கவைத்துச் சோதிக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்களைக் கணக்கிடுகிறார்கள். முதலாவது சுக எல்லை. சாதாரண உடம்புள்ள ஒரு பெண் தளர்வாகப் படுத்துக் குளிரின்றித் தூங்கக்கூடிய வெப்பநிலை அது. இரண்டாவது கீழ் எல்லை. ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு விழிக்காமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. மூன்றாவது ஆபத்து எல்லை. அந்தக் குளிரில் உயிர் பிழைக்கலாம். ஆனால் உடம்பு விறைத்துப் போகும் அபாயம் உண்டு. அது தூக்கத்துக்கான எண்ணே அல்ல.

சாச்சியின் பையில் சுக எல்லை 10 பாகை. கீழ் எல்லை 5 பாகை. உறையில் பெரிதாக அச்சிட்டிருந்தது ஆணுக்குரிய எண். அதை நம்பி வாங்கியபோதே அவருடைய தூக்கம் ஐந்து பாகை குறைந்துவிட்டது. அவருடைய உடம்பில் எந்தக் குறையும் இல்லை. பெண்கள் பொதுவாக உருவில் சிறியவர்கள். சூட்டை உண்டாக்கும் தசையும் குறைவு. கை, கால்கள் விரைவில் குளிர்ந்துபோகும். இதை அளவுமுறை வகுத்தவர்களே கணக்கில் எடுத்துத்தான் இரண்டு எண்களைத் தந்திருக்கிறார்கள். கடை உறையில் ஒன்று மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே சகோதரிகளே, கடையில் முதலில் உட்புறச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். சுக எல்லையை மட்டும் வாசியுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு வருட ஆரம்ப மாதங்களில் போவதானால் சுக எல்லை 0 முதல் 5 பாகைக்குள் இருப்பது வேண்டும். சீட்டே இல்லாத பையை விட்டுவிடுவதே உத்தமம்.

இறகா, நாரா?

பையின் உள்ளே இருப்பது ஒன்றில் வாத்து அல்லது தாராவின் மென்னிறகு. அல்லது பொலியெஸ்டர் நார். இறகுப் பை பாரம் குறைந்தது. மேலே சொன்ன குளிருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். நன்றாகச் சுருங்கி ஒரு பாண் இறாத்தல் அளவுக்கு வந்துவிடும். அதில் 550, 650, 800 என்று எழுதியிருப்பது, ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலத்துக்கு விரிகிறது என்பதாகும். எண் கூடினால் அதே சூட்டுக்குப் பாரம் குறையும், விலையும் ஏறும். ஆனால் இறகு நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். பொங்குதல் போய்விட்டால் சூடும் போய்விடும்.

நார்ப் பை அதே குளிருக்கு ஒன்றரைக் கிலோ அளவில் வரும். பருமனும் அதிகம். ஆனால் ஈரம் பட்டாலும் ஓரளவு சூடு தரும், விரைவில் உலரும், விலையும் குறைவு. மூடுபனியும் திடீர் மழையும் எந்த மாதத்திலும் வரக்கூடிய எமது மலைநாட்டுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் இறகும் அசுத்தமாகவே கொள்ளப்படுகிறது. பைக்குள் இருக்கும் இறகு எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாது. நார்ப் பையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

உருவத்தில் தலைப்பக்கம் அகன்று காலடியில் ஒடுங்கிய பையே பாரம் குறைந்தது. சதுரப் பையில் புரள இடமுண்டு. ஆனால் அந்த வெற்றிடத்தையும் உடம்பே சூடாக்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள் ஆணின் நீளத்துக்கு வெட்டிய பையை வாங்கினால் காலடி வெறுமையாகக் கிடக்கும். கடையில் வெட்கப்படாமல் உள்ளே படுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் உங்கள் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். சிப்பை மூடினால் அதன் உட்புறம் நீளமாக ஒரு பஞ்சு மடிப்பு இருக்கவேண்டும். இல்லையேல் சிப்பின் வழியே குளிர் இறங்கும்.

கீழே விரிப்பதும் பாதிப் படுக்கை

பலர் பைக்குப் பணம் செலவழித்துவிட்டு நிலத்தை மறந்துவிடுகிறார்கள். உடம்பின் பாரத்தில் முதுகின் கீழுள்ள நிரப்பு நசுங்கிவிடும். அங்கே காற்று இல்லை, சூடும் இல்லை. ஆகவே நீர் உறிஞ்சாத நுரைப்பாய் ஒன்று அவசியம். அதன் பாரம் சுமார் 400 கிராம். உறைபனி நாட்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கலாம். பன்பாயும் பெட்ஷீட்டும் இதற்கு ஈடாகா.

தோளில் ஏற்றும் மொத்தச் சுமை உடல் எடையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது பத்துக் கிலோ. தண்ணீர், உணவு, உடுப்பு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பையில் மிச்சம் பிடிக்கும் அரைக் கிலோ எவ்வளவு பெறுமதியானது என்பது மூன்றாவது மைல் ஏற்றத்தில்தான் தெரியும்.

தையல் மெஷினில் ஓர் உள்ளுறை

உறங்கு பையை அடிக்கடி கழுவக்கூடாது. அதற்குப் பதிலாக உள்ளுறை ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். நூற்றறுபது சென்ரிமீற்றர் அகலமும் இருநூற்றுப் பத்து சென்ரிமீற்றர் நீளமும் உள்ள மெல்லிய பட்டு அல்லது பொலிகொட்டன் துணியை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். அடியையும் பக்கத்தின் முக்கால் பகுதியையும் தைத்தால் போதும். அழுக்கு அதில் தங்கும்; சிறிது சூடும் கூடும். ஒரே கூடாரத்தில் பலர் படுக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மூடிய படுக்கையாகவும் இருக்கும்.

படுக்குமுன் சில காரியங்கள். வியர்த்த உடுப்பை மாற்றி, உலர்ந்த காலுறையும் கம்பளித் தொப்பியும் அணியுங்கள். சிறிதாவது சாப்பிடுங்கள்; செரிக்கும் உணவு உடம்பைச் சூடாக்கும். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள். இறுக மூடிய உலோகப் போத்தலில் சுடுநீர் நிரப்பி, காலுறையொன்றில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமம் வரை கால் சூடாக இருக்கும். சுபஹுக்கு எழும்பும்போது வுழூவுக்கு விறைக்காத தண்ணீரும் கிடைக்கும்.

வீடு திரும்பியதும் பையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். சுருட்டிய உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் நிரப்பு நசுங்கிப் பழகிவிடும். எமது ஈரக் காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும். பெரிய பருத்தித் தலையணை உறையில் தளர்வாக இட்டு அல்மாரியில் தொங்கவிடுவதே சரி.

போகுமுன்

இரவு தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன்அனுமதி வேண்டும். குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். பொலித்தீன் பைகளுக்கு உள்ளே அனுமதியில்லை. மரைகள் கூடாரத்தருகே வந்தாலும் உணவு கொடுக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் பலத்த சேதமடைந்தன. ஆகவே பட்டிப்பொல வழியா, ஒஹிய வழியா என்று முடிவு செய்யுமுன் பாதை நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் சாச்சியைச் சம்மதிக்கவைக்க அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. சுக எல்லை 2 பாகை என்று எழுதிய நார்ப் பையொன்றை அவரே பார்த்து வாங்கினார். அன்று முன்னைய வருடத்தைவிடக் கடுமையான குளிர். ஆனால் சுபஹுக்கு நாங்கள்தான் அவரை எழுப்ப வேண்டியிருந்தது.

உலக முடிவு என்னும் எண்ணூறு மீற்றருக்கும் மேற்பட்ட பள்ளத்தாக்கை, காலை ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பாலும் முகில் மூடிவிடும். பிந்தி வரும் வான்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும். இரவை அங்கே கழித்தவர்களுக்கு அதற்கு முன்னரே வெளி திறந்துவிடுகிறது. புல் நுனிகளில் பனி உருகும். மலைப்பூவரசின் சிவந்த பூக்கள் தெரியும். மரைக்கூட்டம் ஒன்று அசையாமல் நின்று பார்க்கும். நன்றாகத் தூங்கி எழும்பிய கண்களோடு அதைப் பார்க்க எமது உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.