சத்துப் போன தண்ணீர்

கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது, சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு வருகிறது. 1950களில் அங்கே வேலை நடந்தபோது என் தாத்தா கல் சுமந்தார். கீழே கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்திருந்தார்.

ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டாராம்: "ஏங்க, மிசினுல கரண்ட எடுத்துப்புட்டா தண்ணியில சத்து இருக்குமா? நெல்லு வெளையுமா?"

மேஸ்திரி சிரித்துவிட்டு, "போய் வேலையப் பாருப்பா" என்றாராம்.

அந்தத் தண்ணீருக்கு அனுமதி வந்த கதை வேடிக்கையானது. 1886-இல் சென்னை அரசாங்கமும் திருவிதாங்கூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 999 வருஷத்துக்கு. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். பின்னாளில் சென்னை மின்சாரம் எடுக்க நினைத்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. பாசனத்துக்கு மட்டுமே தண்ணீர் என்று 1941-இல் நடுவர் தீர்ப்பளித்தார். ஆனாலும் 1950கள் முடிவதற்குள் முதல் இயந்திரம் சுழன்றுவிட்டது. பிறகு 35 மெகாவாட் வீதம் நான்கு ஆயின. மின்சாரத்துக்கான முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-இல்தான். கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய் என்று விலை பேசி, 1954 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள்.

இத்தனை வருஷப் பேச்சிலும் ஏக்கர் இருந்தது, கிலோவாட் இருந்தது, ரூபாய் இருந்தது. தாத்தாவின் கேள்விக்கு மட்டும் இடமில்லை.

இன்று அப்படியில்லை. 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதிய நீர்மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆறு என்னாகும், காடு என்னாகும் என்று ஆராய்ந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். அதை ஊரார் பார்க்க வைத்து, கூட்டம் போட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். பதிலும் சொல்ல வேண்டும். கூட்டம் வெறும் சடங்காக முடிவதும் உண்டுதான்.

"இப்படி அனுமதி அனுமதி என்று நின்றால் ஊருக்கு வெளிச்சம் எப்போது வருவது?" என்று நண்பர்கள் அலுத்துக்கொள்வார்கள். நானும் ஒருநாள் டீக்கடையில் அப்படியே பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கரண்ட் போயிருந்தது. இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தாத்தாவின் ஞாபகம் வந்தது.

அவர் கேட்டது அறியாமைதான். இயந்திரம் தண்ணீரின் வேகத்தை வாங்கிக்கொள்கிறதே தவிர, பயிருக்கு வேண்டியது எதையும் எடுப்பதில்லை. இதை அவருக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கஞ்சி இருந்தது. நாற்று நட்ட நாளிலிருந்து அறுப்பு வரையில் அந்தப் பயத்தோடுதான் அவர் வரப்பில் நடந்திருப்பார்.

இரண்டு போகம் பொறுத்திருந்தாராம். அறுத்த நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தாராம். மணி முற்றியிருந்தது. "சத்து இருக்கு" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு, அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினாராம்.